சமையல் எண்ணெயும் புற்றுநோய் பயமும்: ஒமேகா-3, ஒமேகா-6 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூரியகாந்தி எண்ணெய் புற்றுநோயை வரவழைக்கும் என்று ஒரு செய்தி வருகிறது. மீன் எண்ணெய் அதைத் தடுக்கும் என்று இன்னொன்று. மறுவாரமே மீன் எண்ணெய்தான் புற்றுநோயை வரவழைக்கிறது என்று மூன்றாவது. விசித்திரம் என்னவென்றால், மூன்றுக்கும் பின்னால் உண்மையான ஆய்வு ஒன்று இருக்கிறது. யாரை வைத்து ஆய்ந்தார்கள், எதை அளந்தார்கள் என்ற விவரம்தான் கைமாறும்போது உதிர்ந்துபோகிறது. உதிர்ந்ததைப் பொறுக்கிச் சேர்க்கவே இந்தக் கேள்வி பதில்கள்.

பல்நிறைவுறாக் கொழுப்பு அமிலம் என்றால் என்ன?

கொழுப்பு அமிலம் என்பது கரி அணுக்கள் வரிசையாகக் கோத்த ஒரு சங்கிலி. சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே இல்லையென்றால் அது நிறைவுற்றது, வெண்ணெயில் அதிகம். ஒரு இரட்டைப் பிணைப்பு இருந்தால் ஒற்றை நிறைவுறாதது. ஆலிவ் எண்ணெயில் அதிகம். இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் பல்நிறைவுறாதது. ஒவ்வொரு இரட்டைப் பிணைப்பும் சங்கிலியை ஓரிடத்தில் வளைக்கிறது. வளைந்த சங்கிலிகள் நெருக்கமாக அடங்க மாட்டா. அதனால்தான் இந்த எண்ணெய்கள் குளிரிலும் உறையாமல் ஓடுகின்றன. அதே இரட்டைப் பிணைப்புதான் ஆக்சிஜன் எளிதில் தாக்கும் இடமும்.

இதில் இரண்டு குடும்பங்கள். ஒமேகா-6 குடும்பத்தின் மூத்தவர் லினோலெயிக் அமிலம்: சூரியகாந்தி, சோயா, மக்காச்சோள எண்ணெய்களில் இருப்பது. ஒமேகா-3 குடும்பத்தில் ஆளிவிதை, வால்நட் ஆகியவற்றில் உள்ள ஆல்ஃபா-லினோலெனிக் அமிலமும், கொழுப்புள்ள கடல்மீன்களில் உள்ள இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற நீண்ட சங்கிலி அமிலங்களும் அடங்கும்.

இவற்றை அடியோடு நிறுத்திவிட்டால் என்ன?

முடியாது. லினோலெயிக், ஆல்ஃபா-லினோலெனிக் ஆகிய இரண்டையும் நம் உடலால் உருவாக்கிக்கொள்ள இயலாது. உணவில்தான் வர வேண்டும். 1929-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் தோலும் வாலும் செதில் செதிலாக உரிந்தன, வளர்ச்சி நின்றது, கடைசியில் இறந்தன. கொழுப்பு வெறும் எரிபொருள் அல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது.

பிறகு புற்றுநோய் எங்கிருந்து வந்தது?

அதுவும் எலியிலிருந்துதான். 1970-களில் கனடாவில் கென்னத் கரோலும் மற்றவர்களும் எலிகளுக்குப் புற்றுநோயூட்டும் ரசாயனத்தைக் கொடுத்துவிட்டு, வெவ்வேறு கொழுப்புகளை ஊட்டிப் பார்த்தார்கள். மக்காச்சோள எண்ணெய் போன்ற ஒமேகா-6 மிகுந்த எண்ணெய் தின்றவற்றுக்கு மார்புக் கட்டிகள் அதிகம் வந்தன.

இதற்கு ஒரு விளக்கமும் தயாராக இருந்தது. லினோலெயிக் அமிலத்திலிருந்து உடல் அரக்கிடோனிக் அமிலத்தைச் செய்கிறது. காக்ஸ்-2 என்ற நொதி அதை எடுத்து புராஸ்டாகிளாண்டின் இ2 என்ற பொருளாக மாற்றுகிறது. அது அழற்சியைத் தூண்டுவது; கட்டிகளின் வளர்ச்சிக்கும் புதிய இரத்தக் குழாய்கள் முளைப்பதற்கும் கைகொடுப்பது. எண்ணெயில் தொடங்கி கட்டியில் முடியும் இந்தக் கதையில் ஓட்டையே இல்லாதது போலத் தோன்றும். எனக்கு இப்படி வழவழப்பாக ஓடும் கதைகள் மேல்தான் சந்தேகம் அதிகம்.

எலிக்கு வந்தது நமக்கு வராதா?

வரலாம், வராமலும் போகலாம். இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, அந்த எலிகளுக்குப் புற்றுநோயைத் தொடக்கியது எண்ணெய் அல்ல, ரசாயனம். எண்ணெய் ஊதிவிட்டது, அவ்வளவுதான். இரண்டு, 1985-இல் கிளமென்ட் இப் குழு லினோலெயிக் அமிலத்தின் அளவைப் படிப்படியாக ஏற்றிப் பார்த்தபோது, உணவில் சுமார் 4 சதவீதம் வரைதான் கட்டிகள் கூடிக்கொண்டே போயின. அதற்கு மேல் ஏற்றியும் பெரிய மாற்றமில்லை. எலிகளிலேயே எவ்வளவுக்கெவ்வளவு எண்ணெயோ அவ்வளவுக்கவ்வளவு புற்றுநோய் என்ற நேர்க்கோடு கிடையாது.

மனிதர்களிடமே சோதித்தார்கள், புற்றுநோய் கூடியது என்கிறார்களே?

1971-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வைச் சொல்கிறார்கள். பலரும் மேற்கோள் காட்டுவதும், சிலரே முழுக்கப் படித்திருப்பதுமான ஆய்வு. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

லாஸ் ஏஞ்சலிஸில் முன்னாள் படைவீரர்களுக்கான இல்லம் ஒன்று. அங்கே வசித்த 846 ஆண்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான உணவு. மற்றதில் விலங்குக் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய். யாருக்கு எது என்று தெரியாதபடி பாலில்கூடக் கொழுப்பை மாற்றிக் கொடுத்தார்கள். எட்டு ஆண்டுகள் வரை இது நடந்தது. இதயத்துக்கு நல்லதா என்று அறியத்தான் இத்தனையும். ஆனால் கணக்குப் பார்த்தபோது, எண்ணெய்ப் பிரிவில் இறந்த 174 பேரில் 31 பேர் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். மற்றதில் 178 பேரில் 17.

கேட்டால் திக்கென்றுதான் இருக்கும். ஆனால் அதே கட்டுரையிலேயே இன்னொரு வரி உண்டு: எண்ணெய்ப் பிரிவில் புற்றுநோயால் இறந்தவர்களில் பலர், அந்த உணவைச் சரியாகச் சாப்பிடாதவர்கள். இல்லத்தின் உணவுக்கூடத்துக்கு அவ்வப்போதுதான் வந்து போனவர்கள். எண்ணெய் காரணமென்றால், ஒழுங்காக உண்டவர்களிடம் அல்லவா அதிகம் தெரிந்திருக்க வேண்டும்? அதே ஆண்டு அதே இதழில், இதுபோன்ற ஐந்து சோதனைகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தவர்கள், புற்றுநோய் கூடவில்லை என்று கண்டார்கள். 1998-இல் ஜாக், கட்டான் என்ற இரு நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதுவரை வந்த மனித ஆய்வுகளை அலசி, லினோலெயிக் அமிலம் மார்பக, பெருங்குடல், புராஸ்டேட் புற்றுநோய்களைக் கூட்டுவதற்குச் சான்று இல்லை என்று எழுதினார்கள். 31-க்கு 17 என்ற எண் மட்டும் இன்றுவரை தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஒமேகா-6 குறைத்தால் உடலில் அழற்சி குறையும் அல்லவா?

அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். 2011-இல் பழைய மனித ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உணவில் லினோலெயிக் அமிலத்தை 90 சதவீதம் வரை குறைத்தாலும், ஆறு மடங்கு வரை கூட்டினாலும், இரத்தத்தில் அரக்கிடோனிக் அமிலத்தின் அளவு அசைந்துகொடுக்கவில்லை. வழக்கமாக நாம் உண்ணும் அளவுகளில் உடல் அந்தக் குழாயைத் தன் தேவைக்கு ஏற்பவே திறக்கிறது. மேலே எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதை அது கண்டுகொள்வதில்லை.

2025-இல் விதை எண்ணெய்க்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு என்று செய்தி வந்ததே?

வந்தது. நியூயார்க்கில் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியின் குழு சயன்ஸ் இதழில் வெளியிட்டது. ட்ரிபிள் நெகட்டிவ் எனப்படும் மார்பகப் புற்றுநோய் வகையில், லினோலெயிக் அமிலம் எஃப்.ஏ.பி.பி.5 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு, செல்லின் வளர்ச்சிப் பொத்தானான எம்டார் பாதையை முடுக்குகிறது என்று காட்டினார்கள். நல்ல ஆய்வு. ஏற்கெனவே இருக்கும் ஒரு குறிப்பிட்ட வகைக் கட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்வது. எண்ணெய் உண்ட பெண்களுக்குப் புற்றுநோய் வந்ததா என்று பார்த்தது அல்ல.

இதற்கு நேர் எதிராக 2024-இல் ஒன்று வந்தது. அதை யாரும் பகிர்ந்ததாக நினைவில்லை. பிரிட்டனின் யூ.கே. பயோபேங்க் திட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சுமார் 13 ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், இரத்தக் கொழுப்பு அமிலங்களில் ஒமேகா-6-இன் பங்கு அதிகம் இருந்தவர்களுக்கு மொத்தப் புற்றுநோய் குறைவாகவே இருந்தது. ஒமேகா-3 அதிகம் இருந்தவர்களுக்கும் அப்படியே, ஆனால் புராஸ்டேட் புற்றுநோய் மட்டும் சற்றுக் கூடுதல். இதுவும் வெறும் தொடர்புதான், நிரூபணம் அல்ல. என்றாலும் பயப்பட ஒரு ஆய்வைப் பிடித்துக்கொள்பவர் பயம் தெளிய மற்றதையும் பார்க்க வேண்டாமா?

ஒமேகா-6, ஒமேகா-3 விகிதம் முக்கியம் என்கிறார்களே?

அதே பயோபேங்க் தரவில், விகிதம் ஒமேகா-6 பக்கம் மிகவும் சாய்ந்திருந்தவர்களுக்குப் புற்றுநோயால் இறக்கும் அபாயம் 14 சதவீதம் அதிகம் இருந்தது. ஆனால் தனித்தனியாகப் பார்த்தபோது இரண்டுமே நன்மைப் பக்கம்தான். ஒமேகா-3-இன் நன்மை பெரிது, அவ்வளவே. ஆக, விகிதம் சரியில்லை என்றால் கீழே இருப்பதைக் கூட்டுங்கள். மேலே இருப்பதை வெட்ட வேண்டியதில்லை.

மீன் எண்ணெய் மாத்திரை புற்றுநோயைத் தடுக்குமா?

தடுக்காது. சுற்றி வளைக்காமல் சொல்லக்கூடிய அளவுக்கு இதில் சான்று இருக்கிறது.

வைட்டல் என்ற அமெரிக்கச் சோதனையில் 25,871 பேர் கலந்துகொண்டார்கள். ஆண்கள் 50 வயதுக்கு மேல், பெண்கள் 55-க்கு மேல். பாதிப் பேருக்கு நாளுக்கு 840 மில்லிகிராம் இ.பி.ஏ.-வும் டி.எச்.ஏ.-வும், பாதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. சுமார் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, மாத்திரை உண்டவர்களில் 820 பேருக்கும் போலி மாத்திரை உண்டவர்களில் 797 பேருக்கும் புற்றுநோய் வந்திருந்தது. 2018-இல் முடிவு வெளியானது. இந்த வித்தியாசம் தற்செயலுக்குள் அடங்கும்.

2020-இல் பிரிட்டனின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகக் குழு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 47 சோதனைகளைத் தொகுத்தது. அவர்கள் சொன்ன கணக்கு எனக்குப் பிடித்தது, ஏனென்றால் சதவீத மாயம் அதில் இல்லை: ஆயிரம் பேர் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஒமேகா-3 மாத்திரை எடுத்தால், மூன்று பேர் இதயநோய் மரணத்திலிருந்து தப்புவார்கள், ஆறு பேர் மாரடைப்பு போன்றவற்றிலிருந்து தப்புவார்கள், மூன்று பேருக்குக் கூடுதலாகப் புராஸ்டேட் புற்றுநோய் வரும். மற்றப் புற்றுநோய்களில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

பெருங்குடல் கட்டிகளைக் குறைக்கும் என்று படித்தேனே?

2010-இல் பரம்பரையாகக் குடலில் ஏராளமான கட்டிகள் முளைக்கும் நோய் உள்ள 55 பேருக்கு நாளுக்கு 2 கிராம் இ.பி.ஏ. கொடுத்தபோது, ஆறு மாதத்தில் போலி மாத்திரைக்காரர்களோடு ஒப்பிட்டால் கட்டிகளின் எண்ணிக்கை சுமார் 22 சதவீதம் குறைந்தது. அந்த நம்பிக்கையில் அந்தப் பரம்பரை நோய் இல்லாத, ஆனால் கட்டிகள் வரும் அபாயம் அதிகமுள்ள 709 பேரிடம் சோதித்தார்கள். 2018-இல் வந்த முடிவில், கட்டி காணப்பட்டவர்களின் விகிதம் குறையவில்லை. சிறு ஆய்வில் மின்னியது பெரிய ஆய்வில் மங்குவது இந்தத் துறையில் அன்றாடக் காட்சி.

மாத்திரை வேண்டாம், மீனே சாப்பிட்டால்?

2013-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 21 தொடர் ஆய்வுகளைத் தொகுத்தபோது, கடல்மீன் வழி ஒமேகா-3 அதிகம் உண்ட பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் 14 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் மீன் உண்பதற்கும் பெருங்குடல், கல்லீரல் புற்றுநோய்கள் குறைவதற்கும் இடையே ‘குறைவான சான்று, ஆனால் சாதகச் சாயல்’ என்ற மாதிரியான தரம் தந்திருக்கிறது.

மீன் உண்பவர் அந்த வேளையில் பதப்படுத்திய இறைச்சியை உண்ணவில்லை என்பதும் இதில் கலந்திருக்கும். எது தந்த பலன் என்று பிரிப்பது கடினம். எனக்கு அதில் குறையில்லை. தட்டில் மீன் வந்து பதப்படுத்திய இறைச்சி போனால் இரண்டு கணக்கிலும் லாபம்.

மீன் எண்ணெய் புராஸ்டேட் புற்றுநோயை 71 சதவீதம் கூட்டுகிறதாமே?

2013-ஆம் ஆண்டின் பரபரப்பு இது. செலெக்ட் என்ற சோதனையிலிருந்து எடுத்த இரத்த மாதிரிகள். அந்தச் சோதனை மீன் எண்ணெய்க்கானதே அல்ல. செலினியமும் வைட்டமின் இ-யும் பற்றியது. தொடக்கத்தில் எடுத்து வைத்திருந்த இரத்தத்தில், புற்றுநோய் வந்த 834 பேரையும் வராத 1,393 பேரையும் ஒப்பிட்டார்கள். நீண்ட சங்கிலி ஒமேகா-3 அளவில் மேல் 25 சதவீதப் பகுதியில் இருந்தவர்களுக்கு, கீழ் 25 சதவீதப் பகுதியினரைவிடத் தீவிர வகைப் புராஸ்டேட் புற்றுநோய் 71 சதவீதம் அதிகம்.

அந்த இரு பகுதிகளுக்கும் இரத்தத்தில் இருந்த வித்தியாசம் எவ்வளவு? மொத்தக் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ 3.2 சதவீதத்துக்கு எதிராக 5.7 சதவீதம். யார் மீன் தின்றார்கள், யார் மாத்திரை விழுங்கினார்கள் என்பதைக் கொண்டு பிரித்த ஆய்வு அல்ல. ஒரே ஒரு முறை எடுத்த இரத்தம். ஆகவே ‘மீன் எண்ணெய் 71 சதவீதம் கூட்டுகிறது’ என்பது அந்த ஆய்வு சொல்லாதது. ஆனால் முற்றாகத் தள்ளிவிடவும் மாட்டேன்: பயோபேங்கும் 2020 தொகுப்பும் சிறிய அளவில் அதே திசையைத்தான் காட்டுகின்றன.

குழப்பம் போதாதென்று, ஏற்கெனவே புராஸ்டேட் புற்றுநோய் இருந்து கண்காணிப்பில் மட்டும் இருந்த 100 ஆண்களிடம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் செய்த சோதனையும் உண்டு. ஒமேகா-6 குறைத்த உணவும் மீன் எண்ணெயும் ஓராண்டு எடுத்தவர்களுக்கு, செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கே.ஐ.-67 குறியீடு சுமார் 15 சதவீதம் குறைந்தது. மற்றவர்களுக்கு 24 சதவீதம் ஏறியது. ஆனால் கட்டியின் தரநிலையில் வேறுபாடு இல்லை. வருமுன் ஒன்று, வந்தபின் ஒன்று என்று நடந்துகொள்கிறதோ என்னவோ. புராஸ்டேட் புற்றுநோய் குடும்பத்தில் உள்ளவர், இதயத்துக்கென மருத்துவர் எழுதிக்கொடுக்காத வரை, மாத்திரையைத் தவிர்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

மாத்திரைப் புட்டியில் 1000 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறதே, அது போதுமா?

புட்டியைத் திருப்பி, பின்னால் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். 1000 என்பது மொத்த மீன் எண்ணெய். பல மாத்திரைகளில் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120, ஆக 300 மில்லிகிராம்தான் விஷயம். மிச்சம் வேறு கொழுப்பு. வைட்டல் சோதனையின் அளவை எட்ட அதில் மூன்று வேண்டும். எட்டியும் புற்றுநோயில் பலனில்லை என்று மேலே பார்த்துவிட்டோம்.

ஆளிவிதை?

அதிலுள்ள ஆல்ஃபா-லினோலெனிக் அமிலத்தில் சிறு பங்குதான் உடலுக்குள் இ.பி.ஏ.-வாக மாறுகிறது, டி.எச்.ஏ. அதனினும் குறைவு. மேலே சொன்ன 2013 தொகுப்பிலும் மார்பகப் புற்றுநோய்க்கு இதனால் நன்மை தெரியவில்லை. நார்ச்சத்துக்காகச் சாப்பிடுங்கள்.

கொதிக்கவைத்த எண்ணெய்?

என்னைக் கேட்டால் எந்த எண்ணெய் என்பதைவிட இதுதான் கவனிக்க வேண்டிய கேள்வி. இரட்டைப் பிணைப்புகள் ஆக்சிஜனின் தாக்குதலுக்கு எளிய இலக்கு என்று தொடக்கத்தில் சொன்னேன். வெப்பம் அதை விரைவாக்குகிறது. ஒமேகா-6 எண்ணெய் மீண்டும் மீண்டும் கொதிக்கும்போது 4-ஹைட்ராக்சிநோனினல் போன்ற ஆல்டிஹைடுகள் உண்டாகின்றன. இவை செல்லின் புரதத்தோடும் மரபணுப் பொருளோடும் ஒட்டிக்கொள்ளக் கூடியவை.

எண்ணெய் கெட்டதைக் கண்ணே காட்டிக்கொடுக்கும். நிறம் கறுக்கும். ஊற்றும்போது தேன்போல மெதுவாக இறங்கும். பொரிக்கும்போது எழும் நுரை அடங்காமல் சட்டியின் விளிம்பில் நிற்கும். முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே புகையும். சட்டியின் ஓரத்தில் தேய்த்தாலும் போகாத மஞ்சள் பிசின் படியும். கொழுப்புச் சங்கிலிகள் ஒன்றோடொன்று இறுகிப் பிணைந்ததுதான் அந்தப் பிசின்.

இதில் மூச்சும் சேரும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மிகுந்த வெப்பத்தில் வறுக்கும்போது எழும் புகையை 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் இருப்பது புகை. புட்டியில் இருக்கும் எண்ணெய் அல்ல. சன்னலைத் திறந்து வையுங்கள், புகைக்கும் முன் தீயைக் குறையுங்கள், பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சாதீர்கள். ஆளிவிதை எண்ணெயை அடுப்பில் ஏற்றவே வேண்டாம்.

கொழுப்பையே மொத்தமாகக் குறைத்துவிட்டால்?

அதையும் செய்து பார்த்தார்கள். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 48,835 பெண்களிடம் எட்டு ஆண்டுகள். மார்பகப் புற்றுநோய் 9 சதவீதம் குறைந்ததுபோலத் தெரிந்தது, ஆனால் தற்செயல் அல்ல என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

சரி, எவ்வளவுதான் சாப்பிடலாம்?

உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண்மை அமைப்பும் 2008-இல் கூட்டிய நிபுணர் குழு, மொத்தக் கலோரியில் 6 முதல் 11 சதவீதம் பல்நிறைவுறாக் கொழுப்பிலிருந்து வரலாம் என்றது. நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு இது சுமார் 13 முதல் 24 கிராம். சாதாரணச் சூரியகாந்தி எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில் 8, 9 கிராம் இருக்கும். விதைகள், பருப்புகள், மீன் வழியாகவும் வருவதால், இந்த அளவை எட்டத் தனியாக முயற்சி எதுவும் தேவைப்படாது.

எடையைப் பற்றியும் ஒரு சொல். எந்த எண்ணெயாக இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரி. உடல் பருமனுக்கும் 13 வகைப் புற்றுநோய்களுக்கும் தொடர்பு இருப்பதை அதே புற்றுநோய் முகமை 2016-இல் உறுதிசெய்தது. புகையிலையும் மதுவும் பதப்படுத்திய இறைச்சியும் முதல் பிரிவில், சந்தேகமே இல்லாத இடத்தில், உட்கார்ந்திருக்கின்றன. சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டே எந்த எண்ணெய் நல்லது என்று கேட்பவர்கள் உண்டு.

எனக்குக் கீமோதெரபி நடக்கிறது. மீன் எண்ணெய் எடுக்கலாமா?

உங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். இதற்குத் தனிக் காரணம் உண்டு. நெதர்லாந்து ஆய்வாளர்கள், மீன் எண்ணெயில் சிறிதளவு இருக்கும் 16:4 என்ற கொழுப்பு அமிலம், எலிகளில் சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்துகளின் வேலையைக் கெடுப்பதைக் கண்டார்கள். 2015-இல் நலமான மனிதர்களுக்கு மீன் எண்ணெய் கொடுத்தபோது, அவர்களின் இரத்தத்திலும் அது ஏறியது. ஹெர்ரிங், கானாங்கெளுத்தி ஆகிய மீன்களில் அது அதிகம்; சால்மனிலும் சூரையிலும் குறைவு. நோயாளிகளிடம் மருந்தின் பலன் குறைந்ததாக அவர்கள் காட்டவில்லை. ஆனாலும் கீமோ நாளுக்கு முந்தைய நாள் முதல் மறுநாள் வரை மீன் எண்ணெயை நிறுத்திவைக்கலாம் என்றார்கள்.

பலர் இதை மருந்தாகவே நினைப்பதில்லை, அதனால் மருத்துவரிடம் சொல்வதும் இல்லை. அடுத்த முறை போகும்போது, எடுக்கும் மருந்துகளின் பட்டியலில் இதையும், ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் இ.பி.ஏ., எத்தனை டி.எச்.ஏ. என்பதையும் எழுதிக் கொடுங்கள்.